கரிமணலில் ஒரு பித்தளைச் சத்தம்

பிரியமுள்ள அளியன் லூர்துவுக்கு,

நீ போய் மூன்று வருஷம் கழித்து உனக்கு முதல் கடிதம் எழுதுகிறேன். நீ இருந்த காலத்தில் அதற்கு அவசியம் வரவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் இரணியல் ஸ்டேஷன் ரோட்டில் என் கடை முன்னால் உன் பைக் வந்து நிற்கும். உன் மனைவி ஸ்டெல்லா என்னை அண்ணன் என்று கூப்பிட ஆரம்பித்ததும் நீ மச்சான் முறைக்கு என்னை அளியன் என்றாய், நானும் உன்னை அப்படியே அழைத்தேன். பெண்டாட்டி பிள்ளை இல்லாத ரேடியோ மெக்கானிக்குக்குக் கிடைத்த ஒரே சொந்தம் அதுதான்.

சுகம் விசாரிக்க எழுதவில்லை. உன்னிடம் நான் ஒரு பொய் சொன்னேன். நீ அதை நம்பினாய், நம்பிக்கொண்டே செத்துப்போனாய். அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். நாலு பேர் படிக்கட்டும் என்று உறையை ஒட்டாமலே வைக்கிறேன். நான் நேராக விஷயத்துக்கு வரமாட்டேன் என்று உனக்குத் தெரியும். ஒரு டிவியைத் திறக்க அரை மணி நேரம் தூசி தட்டுகிறவன் நான். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

முதலில் ஒரு செய்தி. மெஷின் மறுபடியும் வேலை செய்கிறது. துபாயில் இருக்கும் உன் பழைய கூட்டாளி மூலம் புது சர்க்யூட் போர்டு வந்தது. கம்பிகளைப் பற்றவைத்து, பேட்டரி போட்டு, தட்டின் மேல் என் சாவிக்கொத்தைக் காட்டினேன். ஹெட்போனில் கத்தியது. கடையில் யாரும் இல்லாததால் நானும் கொஞ்சம் கத்தினேன். பிறகு வெட்கமாகப் போய்விட்டது.

சுனாமிக்கு அடுத்த வருஷம் நீ அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு முதன்முதலாகக் கடைக்கு வந்தது ஞாபகம் இருக்கிறதா? ஒரு நீளக் கம்பு, அடியில் சோற்றுத் தட்டு அளவில் ஒரு வட்டம், மேலே இறுக மூடிய ஒரு பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு வயர்.

“இது என்னதுடே, புல்லு வெட்டுத மெஷினா?” என்று கேட்டேன்.

“மெட்டல் டிடெக்டராக்கும் மக்கா. கடல் வெள்ளத்துக்கு அடியிலயும் கேக்கும். ஒரு காதுல மட்டும் சத்தம் விட்டு விட்டு வருது. பாத்துத் தா.”

“வெள்ளத்துக்கு அடியில உனக்கு என்னத்தடே தேடணும்?”

“எனக்க அம்மைக்க வெத்தலச் செல்லத்த.”

அதற்கு மேல் நான் கிண்டல் செய்யவில்லை. துபாயில் கப்பலின் அடிப்பக்கம் சுரண்டும் முங்கு வேலையில் நீ இருந்தபோது கடல் ஊருக்குள் வந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. ஸ்டெல்லா பூசைக்குப் போயிருந்தாள். கால் சுகமில்லாத உன் அம்மை வீட்டில் இருந்தாள். நீ விமானம் பிடித்து வந்து சேர்வதற்குள் எல்லோரையும் ஒரே குழியில் அடக்கிவிட்டார்கள். எந்தப் பக்கம் நின்று ஜெபிப்பது என்றுகூட உனக்குத் தெரியவில்லை. வீடு நின்ற இடமும் கடலுக்குள் போய்விட்டது. அம்மையின் மடியில் எந்நேரமும் இருந்த பித்தளை வெற்றிலைச் செல்லம் அங்கே எங்கேயாவது மணலில் புதைந்து கிடக்கும் என்று நீ நினைத்தாய். அவளுடையது என்று சொல்ல ஒன்று வேண்டும், அவ்வளவுதான் நீ கேட்டது.

ஐந்து வருஷம் தேடினோம். ஆனி, ஆடியில் கடல் யாரையும் கிட்டே விடாது. தை பிறந்து பங்குனி முடியும்வரைதான் நமக்குக் காலம். நீ முங்குவாய், நீச்சல் தெரியாத நான் இடுப்பளவு தண்ணீரில் உன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். தட்டுக்குப் பக்கத்தில் உலோகம் இருக்கக்கூடாது என்பதால் உன் ஜெபமாலையைக் கழற்றி என் கழுத்தில் போட்டுவிடுவாய். “எங்க போதகர் கண்டா என்னை சபையிலயிருந்து தள்ளிருவாருடே” என்பேன். “அப்போ எங்க கோயிலுக்கு வா, ஒரு ஆளு கூடட்டும்” என்பாய்.

மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கரிமணலில் உலோகத் தாது உண்டு, அந்த மெஷினுக்கு ஆகாத சாதி. தட்டை மணலுக்குக் கிட்டே கொண்டுபோனாலே ஊளையிடும். முதல் மாதம் முழுக்க மணலைத் தங்கம் என்று நினைத்துத் தோண்டினோம். பிறகு பழகிக்கொண்டாய். தட்டை மேலும் கீழும் மெதுவாக ஆட்டி, பக்கத்தில் இருக்கும் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, சத்தம் ஏறாமல் இறங்காமல் ஒரே முனகலாக நிற்கும்வரை காத்திருப்பாய். அதற்குப் பிறகு கேட்பதுதான் கணக்கு. அப்படிக் கேட்டுக் கேட்டு நீ எடுத்தவை கதவுக் கீல், பூட்டு, ஸ்டவ் பர்னர், வலையில் கட்டும் ஈயக்குண்டுகள். ஈயக்குண்டு ஒரு வாளி சேர்ந்தது.

கரையேறியதும் மெஷின் என் பொறுப்பு. உப்பு காய்வதற்கு முன்னால் நல்ல தண்ணீரில் அலச வேண்டும், தட்டுக்கும் மூடிக்கும் இடையில் சிக்கிய மணலைப் பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் எடுக்க வேண்டும், துணியால் ஒற்றி நிழலில் காயவைத்த பிறகுதான் மூடியைத் திறந்து பேட்டரியைக் கழற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெட்டியின் வாயில் இருக்கும் ரப்பர் வளையம். தண்ணீரை உள்ளே விடாமல் நிறுத்துவது அது ஒன்றுதான். ஒரு தலைமுடி, ஒரு மணல் குறுக்கே கிடந்தாலும் போச்சு. ஒவ்வொரு தடவை மூடுவதற்கு முன்னும் நீ சுட்டுவிரலை அந்த வளையத்தின் மேல் ஒரு சுற்று ஓட்டுவாய். கண்ணை மூடிக்கொண்டுதான் ஓட்டுவாய். விரலுக்குத்தான் மணல் தெரியும், கண்ணுக்குத் தெரியாது என்பாய்.

ஐந்தாவது வருஷம் மாசியில் அந்த வளையத்தில் கீறல் கண்டேன். உன்னிடம் சொன்னால் துபாயிலிருந்து அசல் வளையம் வரட்டும் என்பாய், அது வருவதற்குள் பங்குனி முடிந்துவிடும், ஒரு வருஷம் போய்விடும். நான் பெரிய கெட்டிக்காரன் அல்லவா? குலசேகரத்துக்குப் பஸ் ஏறினேன். ரப்பர் விளையும் ஊரில் ஒரு வளையத்துக்குப் பஞ்சமா என்று நினைத்தேன். அங்கே ஒரு பட்டறையில் அதே அளவில், அதே கறுப்பில் செய்து கொடுத்தார்கள். அசலோடு வைத்தால் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை.

அதோடு நின்றிருக்கலாம். வளையத்துக்குத் தடவும் சிலிக்கான் கிரீஸ் தீர்ந்துபோயிருந்தது. கடையில் தேங்காய் எண்ணெய் இருந்தது. தலைக்கு, பூட்டுக்கு, தையல் மெஷினுக்கு, கதவுக்கு என்று நம் ஊரில் அது போகாத இடம் உண்டா? இரண்டு சொட்டு விட்டுத் தடவி, பளபளவென்று பொருத்தி, மூடி வைத்தேன். எட்டு நாள் அப்படியே இருந்தது. நம் ஊர் ரப்பர் எண்ணெயைக் குடித்து ஊதிப் பஞ்சாகும் என்று ரப்பர் வெட்டுகிற எந்த ஆளைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான். நான் யாரையும் கேட்கவில்லை.

அந்தக் காலையில் கரையில் உட்கார்ந்து பேட்டரி போட்டது நீ. விரலை ஒரு சுற்று ஓட்டினாய்.

“வளையம் இத்திரி தடிச்சாப்ல இருக்கே மக்கா?”

“தொடச்சு வச்சேம்லா, அதான்.”

“இறுக்கமாத்தான் இருக்கு. நல்லது” என்று சொல்லி மூடியைத் திருகினாய்.

அரை மணி நேரம் கழித்துக் கயிறு வெடுக்கென்று இழுபட்டது. நீ மேலே வந்தாய். உன் முகத்தை அப்படி நான் அதற்கு முன்பும் கண்டதில்லை, பின்பும் கண்டதில்லை.

“வட்டமா கேக்குதுடே! ஒரு சாண் அகலம் இருக்கும். இரும்புக்கு இப்பிடிக் கேக்காது. பித்தளையாக்கும். எனக்க அம்மையாக்கும்டே!”

மறுபடி முங்கினாய். நான் உன் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் சபையில் சொல்லாத ஜெபத்தையெல்லாம் சொன்னேன். நீ மேலே வந்தபோது ஹெட்போனைக் காதோடு அமுக்கிப் பிடித்திருந்தாய். முதலில் கரகரவென்றது, பிறகு ஒன்றும் இல்லை என்றாய். பெட்டிக்குள் தண்ணீர் ஆடுவது வெளியிலிருந்தே கேட்டது.

சத்தம் இல்லாமல் அந்தக் கலங்கலில் எந்த இடம் என்று யாருக்குத் தெரியும்? மத்தியானம்வரை கையால் தோண்டினாய். தோண்டிய குழியை அடுத்த அலை மூடியது. நகக்கண்ணில் ரத்தம் வந்ததும் நான்தான் கயிற்றைப் பிடித்து இழுத்துக் கரையேற்றினேன். அடுத்த வாரம் கடல் கலைந்து மணல் திட்டு முழுக்க இடம் மாறிவிட்டது.

மெஷினைக் கடைக்குக் கொண்டுபோய்த் திறந்தேன். வளையம் ஊதி, பள்ளத்தைவிட்டு வெளியே வந்து, மூடியின் நெரிப்பில் அறுந்து கிடந்தது. தேங்காய் எண்ணெய் வாடை இன்னும் இருந்தது. அதை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு நிமிர்ந்தால் வாசலில் நீ நிற்கிறாய்.

“மணல் இருந்துதா மக்கா?” என்று கேட்டாய்.

அது ஒரு நிமிஷம்தான், லூர்து. உண்மையைச் சொன்னால் நீ கோபப்பட்டுப் போய்விடுவாய், அடுத்த சனிக்கிழமை அந்த வாசலில் பைக் நிற்காது என்று பயந்தேன். வேறு ஒரு காரணமும் இல்லை. “ஒரு தரி மணல் இருந்துது” என்றேன்.

நீ கோபப்படவில்லை. சண்டை போட்டிருந்தால்கூட நான் உளறியிருப்பேன். “அம்ம சாவும்போ நான் இல்ல. இப்போ அவளுக்க ஒரு சாமான் கைக்குக் கிட்டும்போ எனக்க விரலு சரியில்ல” என்று மட்டும் சொன்னாய். அதற்குப் பிறகு நீ சனிக்கிழமைகளில் வரவில்லை. நான் எதற்குப் பயந்தேனோ அது பொய் சொல்லியும் நடந்தது. அடுத்த மழைக்காலத்தில் உனக்கு மஞ்சள்காமாலை என்றார்கள், ஈரல் என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு நாலு தடவை வந்தேன். நாலு தடவையும் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

இந்தத் தை பிறந்ததிலிருந்து நான் தனியாகப் போகிறேன். மெஷினை நானே வைத்துக்கொள்ளலாம் என்று ஸ்டெல்லா எப்போதோ சொல்லிவிட்டாள். நீச்சல் இன்னும் வரவில்லை, நெஞ்சளவுக்கு மேல் போவதில்லை. ஹெட்போனைப் போட்டால் அலைச் சத்தம், ஆள் சத்தம் எல்லாம் நின்றுபோய் மெஷினின் முனகலும் என் மூச்சும்தான் கேட்கின்றன. இந்தத் தனிமையில் நீ ஐந்து வருஷம் இருந்தாயா? உன் கயிற்றை நான் பிடித்திருந்தேன் என்பதாவது உனக்குத் துணையாக இருந்ததா? என் கயிற்றைக் கரையில் கிடக்கும் வள்ளத்தில் கட்டியிருக்கிறேன். இடுப்பில் இழுபடும்போதெல்லாம் திரும்பிப் பார்க்கிறேன். அலைதான்.

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். பூசை முடிந்து வந்து மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள். “வாங்கண்ணே” என்று முக்காலியைப் போட்டாள். குலசேகரத்தில் ஆரம்பித்து எண்ணெய்வரை எல்லாவற்றையும் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

“அப்போ மணல் இல்லியா?”

“இல்ல.”

எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்தாள். பிறகு சொன்னாள்: “கடைசி மாசம் அவிய கட்டில்ல கெடந்துகிட்டு பெருவிரல வச்சு சுட்டுவிரலத் தொடச்சுகிட்டே இருப்பாவ. ராவும் பகலும் அதுதான். என்ன செய்துதியன்னு கேட்டா, மணலு போவ மாட்டேங்குதுட்டின்னு சொல்லுவாவ. நான் காய்ச்சல்ல பெனாத்துதாவன்னு நெனச்சேன்.”

மன்னிச்சுக்கோ என்றேன்.

“எங்கிட்ட எதுக்கு சொல்லுதிய? அவியகிட்ட சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அண்ணே என்று சொல்லவில்லை. நான் வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். அவள் திரும்பி வரவில்லை. அது நியாயம்தான்.

ஆகவே உன்னிடம் சொல்கிறேன். லூர்து, மணல் இல்லை. அந்த வளையத்தில் ஒரு தரி மணல்கூட இல்லை. நீ சரியாகத்தான் விரலை ஓட்டினாய், சரியாகத்தான் மூடினாய். உன் விரலில் ஒரு குறையும் இருந்ததில்லை. அது தடித்திருக்கிறது என்றுகூட அந்த விரல் கண்டுபிடித்தது, நான்தான் அதன் வாயை அடைத்தேன். உன் அம்மையின் செல்லத்தை நீ கண்டுபிடித்துவிட்டாய். உன் கைக்கு வரவிடாமல் செய்தது நான்.

வரும் கல்லறைத் திருநாளில் ஊர் முழுக்க மெழுகுதிரியோடு கல்லறைத் தோட்டத்தில் நிற்கும்போது, உன் குழி அருகே நின்று இந்தக் கடிதத்தை உரக்க வாசிப்பேன். ஸ்டெல்லாவும் அங்கே இருப்பாள். கேட்கிறவர்கள் எல்லோரும் கேட்கட்டும். அதற்குள் உன்னால் முடிந்தால் அந்த விரலைத் துடைப்பதை நிறுத்து, மக்கா.

உன் தங்கமான விரலுக்குப் பழி சொன்ன அளியன்,
செல்வராஜ்
இரணியல்