நன்றிப் பெட்டியில் விழுந்த சீட்டு

ஞாயிறு, இரவு.

சபை வாசலில் ஜெப விண்ணப்பத்துக்கு ஒரு பெட்டி, நன்றிக்கு ஒரு பெட்டி. மூன்று வருடமாக விண்ணப்பப் பெட்டியில் போட்டுவந்த சீட்டை இன்று அவசரத்தில் நன்றிப் பெட்டியில் போட்டுவிட்டேன். சீட்டில் இப்போதெல்லாம் நான் விவரம் எழுதுவதில்லை. ‘என் கணவர் செல்வின், போடி’ என்று மட்டும்தான். போதகர் போடி ஊருக்குப் புதியவர்; நோயாளிகள் பட்டியலில் பெயரை மட்டும்தான் பார்த்திருக்கிறார். செல்வின் பூரண சுகம் பெற்றதற்காக ஆராதனையில் நன்றி சொல்லிவிட்டார். சபையே ஸ்தோத்திரம் என்றது.

வெளியே வந்ததும் எஸ்தர் அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். “உங்க வீட்டுக்காரரு எந்திரிச்சு நடக்குறாகளாத்தா?” அவர் கண் கலங்கியிருந்தது. இல்லை என்று சொல்லாமலே கையை விடுவித்துக்கொண்டு கிளம்பினேன்.

பஜார் வழியாக நடந்து வரும்போது ஆண்டவர் மேல்தான் கோபம் வந்தது. மற்றவர்கள் சீட்டெல்லாம் ஆறு மாதத்தில் இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்கு மாறுகிறது. என் சீட்டு மாறுவதற்கு நான் தவறிப் போட வேண்டியிருக்கிறது.

மதியம் சோறு ஊட்டும்போது என் கணவரிடம் சொல்லிவிட்டேன். பக்கவாதம் வந்த வாயால் கோணலாகச் சிரித்தார். அப்புறம் ஒவ்வொரு சொல்லாக, “பெட்டி சரிதான் பிள்ள. பேருதான் தப்பு” என்றார்.

பேனா கேட்டார். இடது கையால் எழுதினார். மூன்றே எழுத்து, என் பெயர். கால் மணி நேரம் ஆயிற்று.

“அடுத்த வாரம் அங்கனயே போடு.”

சீட்டு வேதாகமத்துக்குள் இருக்கிறது. இதை நானே எப்படிப் போடுவது?