பெண் அழைப்புக்கு ஒரு முன் சக்கரம்

செஞ்சி,
ஞாயிறு மத்தியானம்.

அன்புள்ள தமிழினிக்கு அம்மா எழுதுவது. நானும் உன் நைனாவும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், உனக்கும் தலைவலி காய்ச்சல் என்று ஒன்றும் அண்டாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் பேனாவை எடுத்தேன். அயர்லாந்தில் குளிர் ஆரம்பித்துவிட்டது என்றாயே, டூட்டிக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ, அழகு கெட்டுவிடும் என்று பார்க்காதே. இதையெல்லாம் போனில் சொன்னால் என்ன என்பாய். போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் நீ ஐயோ அம்மா என்கிறாய், உன் நைனா பக்கத்தில் வந்து காதை வைத்துக்கொள்கிறார். இப்போது அவர் பூ வாங்கப் போயிருக்கிறார், அதனால் எழுதுகிறேன். பருப்புப் பொடி பார்சலோடு இது வந்து சேரும், பொடியைத் திறப்பதற்கு முன்னால் இதைப் படி.

நம் பழைய ஹெரால்டு கார் ரிப்பேர் என்று மட்டும்தான் உனக்குச் சொன்னோம். நடந்தது வேறு. ஐப்பசி முகூர்த்தத்தில் டைலர் வீட்டுப் பெண் அழைப்புக்கு வழக்கம்போல மேல்கூரையைக் கழற்றி, பூ ஜோடித்து, பேண்டு வாத்தியத்தோடு போய்க்கொண்டிருந்தோம். பஜார் ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது இடது பக்க முன் சக்கரம் உள்ளே மடங்கி, கார் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. மெதுவாகப் போனதால் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை, அந்தப் பெண் சிரித்துக்கொண்டே இறங்கி ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள். உன் நைனாவுக்குத்தான் முகம் செத்துப்போனது. அந்தச் சக்கரத்தைத் தாங்குகிற பித்தளைத் துண்டுக்கு ஆயில்தான் விட வேண்டும், கிரீஸ் அடைத்தால் அதற்குள் இருக்கிற இரும்புத் தண்டு துருவேறி ஒருநாள் முறிந்துவிடும் என்று மெக்கானிக் நசுருதீன் மாமா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். இவர் கேட்டால்தானே. குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் முதல் நாள் உட்கார்ந்து கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தார். கிரீஸ் அடிச்சா வண்டி கெட்டுடுமா, போய்யா என்பார். அன்றைக்கு மாமா வந்து பார்த்துவிட்டு, முறிந்த துண்டைத் துடைத்து இவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார், திட்டியிருந்தால்கூட இவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அதிலிருந்து ஒரே பிடிவாதம். இனிமே எந்த வூட்டுப் பொண்ணையும் இதுல ஒக்கார வெக்க மாட்டேன், எம் பொண்ண மட்டும் வெப்பனா என்று சொல்லி, பழைய இரும்பு எடுக்கிற விநாயகத்தை வரச் சொல்லிவிட்டார். தையில் உன் பெண் அழைப்புக்குப் புதுச்சேரியிலிருந்து மேல் திறந்த புதுக் கார் ஒன்றை வாடகைக்குப் பேசலாம் என்றார். நீயும் எதுவானாலும் சரிம்மா என்றாய். எனக்குச் சரியில்லை. ஊரில் பாதிப் பெண்களை மண்டப வாசலில் கொண்டுபோய் இறக்கிய கார் என் பெண்ணுக்கு மட்டும் ஆகாதா? நம் தெருவிலிருந்து கிளம்பி பஜார் வழியாக மண்டபம் வரைக்கும் நீ அதில்தான் போகப் போகிறாய். இதில் நான் யார் பேச்சையும் கேட்பதாக இல்லை.

முறிந்துபோன அந்தச் சாமான் எங்கேயும் கிடைக்கவில்லை. மெட்ராஸ் வரைக்கும் போன் போட்டுப் பார்த்த மாமா, செத்த வண்டியிலேர்ந்துதாம்மா எடுக்கணும் என்றார். நம் காரைப் பார்க்க வந்த விநாயகம்தான் பேச்சுவாக்கில் சொன்னார், அனந்தபுரத்தில் மூடிக்கிடக்கிற ரைஸ்மில் கொட்டகையைக் காலி பண்ண எடுத்திருக்கிறாராம், அதில் இதே மாதிரி இரண்டு ஹெரால்டு கிடக்கிறதாம், புதன்கிழமை லாரி வந்து ஏற்றிக்கொண்டு போய் நசுக்கிவிடுவார்களாம். இன்னாக்கா, உங்க வண்டியையும் சேத்து ஏத்திடலாமா என்று வேறு கேட்டார். அதை அப்புறம் பார்க்கலாம், முதலில் அந்த இரண்டையும் நான் பார்க்க வேண்டும் என்றேன். லாரியில ஏறுறதுக்குள்ள இன்னா வேணுமோ கயட்டிக்கோக்கா, ஏறிடுச்சின்னா ஒரு போல்ட்டுகூட எறங்காது என்றார்.

புதன்கிழமை மாமா பட்டறையைப் பூட்டிக்கொண்டு வந்தார், இருவரும் முதல் பஸ்ஸுக்கே போய்விட்டோம். உன் நைனாவைக் கூப்பிட்டதற்குச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கொட்டகையில் ஒரே எலிப் புழுக்கை. நான் புடவை மேல் உன் நைனாவின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டேன். முதல் காரின் முன்பக்கத்தைத் தூக்கிப் பார்த்தால் நம் காரைப் போலவே அதுவும் அதே இடத்தில் முறிந்து கிடக்கிறது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, உன் நைனாக்கள் ஊருக்கு ஒருத்தர் இருக்கிறார்கள். இரண்டாவது கார் பாதிச் சக்கரம் வரைக்கும் மண்ணில் புதைந்திருந்தது, வேலிக்காத்தான் முள் உள்ளே புகுந்து வெளியே வந்திருந்தது. நான் அரிவாளால் முள்ளை வெட்டித் தள்ள, மாமா படுத்துக்கொண்டே உள்ளே போய் ஸ்பேனரைப் போட்டார். போல்ட்டு அசைவேனா என்றது. டீசல் ஊற்றி ஊறவிட்டோம், சுத்தியலால் தட்டினோம், மாமாவுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

அதற்குள் லாரி வந்துவிட்டது. டைம் முடிஞ்சிதுக்கா என்று விநாயகம் கிரேன் கொக்கியை எங்கள் பக்கம் திருப்பச் சொன்னார். நான் போய் அந்தக் காரின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டேன். முதலில் அந்த உடைந்த காரை ஏற்று, அப்புறம் பாய்லரை ஏற்று, அதற்கப்புறம் என்னைத் தூக்கு என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு பாய்லர் பக்கம் போனார். அந்த நேரம் பார்த்து ஒரு நீள பைப்பைத் தோளில் வைத்துக்கொண்டு உன் நைனா வருகிறார். அந்தப் பைப்போடு பஸ்ஸில் ஏறியதற்குக் கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். ஸ்பேனர் பிடியில் பைப்பைச் செருகி, உடம்பு பாரம் முழுவதையும் போட்டு அழுத்தினார். போல்ட்டு கிரீச்சென்று அலறிக்கொண்டு திரும்பியது. இடது பக்கம் வந்தது, வலது பக்கமும் வந்தது. மாமா பிரித்துப் பார்த்தால் உள்ளே கறுத்துப்போன ஆயில் இன்னும் ஈரமாக இருந்தது, மரை ஒன்றுகூடத் தேயவில்லை. உன் நைனா அதை விரலால் தொட்டுப் பார்த்து, அந்த ஆளு ஆயில் ஊத்தியிருக்கான்யா என்றார். மாமா ஆமாம் என்று மட்டும் சொன்னார். கிரேன் வந்து தூக்குவதற்குள் பின் விளக்குக் கண்ணாடி, கதவுக் கைப்பிடி என்று கைக்கு வந்ததையெல்லாம் கழற்றிக்கொண்டோம். மிச்சக் காரைத் தூக்கிக்கொண்டு போனபோது எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை மாமா எல்லாவற்றையும் மாட்டி முடித்தார். ஆயிலை உன் நைனாவே ஊற்றினார், கிரீஸ் பம்பை மாமாவிடமே கொடுத்துவிட்டார். காரைக் கழுவித் துடைத்துவிட்டு என்னை ஏறச் சொன்னார். நான் முன் கதவுக்குப் போனேன். அங்க இல்ல, பின்னாடி ஒக்காரு என்றார். நம் தெருவிலிருந்து பஜார் வரைக்கும் ஓட்டினார், அந்த ஸ்பீடு பிரேக்கரில் வேண்டுமென்றே போக வர ஏறி இறங்கினார், மண்டப வாசல் வரைக்கும் கொண்டுபோனார். பூ இல்லை, பேண்டு இல்லை, பட்டப்பகல். டீக்கடையில் இருந்தவர்கள் இன்னா மீனம்பா, மறுபடியும் கல்யாணமா என்று கேலி பண்ணினார்கள். உனக்கு நான் சொன்னதில்லை தமிழினி. என் பெண் அழைப்புக்குப் பேசி வைத்திருந்த கார், எந்தத் தெரு என்று தெரிந்ததும் வரவில்லை. பட்டுப்புடவையோடும் மாலையோடும் அந்த பஜாரில் நான் நடந்தே போனேன். அதனால்தான் உன் நைனா இந்தக் காரை வாங்கினார். வாங்கிய நாளிலிருந்து அந்தப் பின் சீட்டில் நான் பூக்கூடையைத்தான் வைத்திருக்கிறேன், ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. மண்டபம் வந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, ஆடுதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

புதுச்சேரிக் கார் வேண்டாம் என்று மாப்பிள்ளை இனியனிடம் நீயே சொல்லிவிடு. லீவுக்கு இப்போதே எழுதிக் கொடு, கடைசி நேரத்தில் ஆள் இல்லை என்று நிறுத்திவிடப் போகிறார்கள். நேரத்துக்குச் சாப்பிடு. எந்தக் குறையும் இல்லாமல் நீ நூறு வயது வாழ வேண்டும். அந்தச் சீட்டில் நான் உட்கார்ந்து பார்த்துவிட்டேன், நீ தைரியமாக வந்து உட்கார்.

உன் அம்மா,
மீனம்பாள்