கேஸ் டியூபுக்குப் பசை

எதிர்க்கடைக்காரரே,

இன்று காலை பசை டின் ஒன்றைத் திறந்தேன். செருப்புக்குப் போடும் அந்த மஞ்சள் பசைதான். மூடியை நெம்பியதும் பெட்ரோல் போன்ற நெடி மூக்கில் ஏறியது. தலை தானாக ரோட்டின் அந்தப் பக்கம் திரும்பியது. "டின்ன மூடுங்க, என் கடை வரைக்கும் அடிக்குது" என்று நீங்கள் குரல் கொடுக்கவேண்டிய நேரம். உங்கள் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். உங்களைக் கல்லறைத் தோட்டத்தில் விட்டுவந்து ஒரு மழைக்காலம் போய்விட்டது. என் கழுத்துக்கு இன்னும் அந்தச் சேதி போய்ச் சேரவில்லை.

உங்களை எனக்குப் பிடிக்காமல்தான் ஆரம்பித்தது. நான் இண்டூர்க்காரன். சந்தைக்குச் சந்தை சாக்கு விரித்து ஊசி, பின்னு, செருப்பு வார் விற்று, காரிமங்கலத்தில் ஒரு கடை பிடித்து உட்காருவதற்குள் இடுப்பு ஒடிந்துபோயிருந்தது. உட்கார்ந்து மூச்சு விடுமுன் நேர் எதிரே அதே சாமான்களோடு நீங்கள் வந்து இறங்கினீர்கள். இரண்டு வருடம் நாம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் பேசிக்கொண்டேதான் இருந்தோம், வாடிக்கைக்காரர்கள் வழியாக.

எண்பதுகளில் ரப்பர் சாமானை யாரும் லேசில் தூக்கிப் போடமாட்டார்கள். செருப்பின் அடி பிரிந்தாலும் மிக்ஸியின் கால் கழன்றாலும், கையில் எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு கடைக்கு வருவார்கள். நான் டின்னிலிருந்து மஞ்சள் பசையைக் குச்சியால் எடுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பேன். உங்களிடம் சொட்டு விட்டதும் பிடித்துக்கொள்ளும் சின்ன டியூப் பசை. "அது சுருக்கா ஒட்டும், மடக்குனா கண்ணாடியாட்டம் விரிசல் வுடும். நடக்கற செருப்புக்கு ஆவுமா?" என்று நான் சொல்லியனுப்புவேன். "அவரு பசை காயறதுக்குள்ள செருப்புக்காரன் கெழவனாயிருவான்னு சொல்லுங்க" என்று உங்கள் பதில் அடுத்த ஆளிடம் வந்து சேரும். சத்தியமாகச் சொல்கிறேன், அதைக் கேட்டு உள்ளே போய்ச் சிரித்திருக்கிறேன்.

அப்படி இருந்தபோதுதான் அந்த லாரி டிரைவர் வந்தார். ஊரில் அப்போதுதான் ஒன்றிரண்டு வீடுகளுக்கு கேஸ் அடுப்பு வந்திருந்தது. அவர் வீட்டுக்கும் வந்திருந்தது. மறுநாள் மகளுக்குக் காதுகுத்து, வீடு நிறைய விருந்தாள். அடுப்புக்கும் சிலிண்டருக்கும் நடுவே போகும் ரப்பர் டியூப் வெடிப்பு விட்டிருந்தது.

"பஞ்சர் ஒட்டற சொலூஷன் ஒண்ணு குடுங்க."

"எதுக்குங்க?"

சொன்னார். நான் கையை இழுத்துக்கொண்டேன். "இது ஒட்டற வேலை இல்லீங்க, மாத்தற வேலை."

"என் லாரி டியூபே ஒட்டுப் போட்டு பெங்களூரு வரைக்கும் போவுது. இந்த இத்தினூண்டு டியூபு நிக்காதா?"

"லாரி டியூபுக்குள்ள காத்துங்க. இதுக்குள்ள கேஸு. கேஸு அந்த சொலூஷனையே எளக்கிடும். பக்கத்துல நெருப்பு வேற. நான் குடுக்கமாட்டனுங்க."

"நீ குடுக்காட்டி ஊர்ல கடையே இல்லியா" என்று ரோட்டைத் தாண்டி நேரே உங்கள் கடைக்குப் போனார்.

நான் மறுத்தாயிற்று, என் கை சுத்தம் என்று உட்கார்ந்திருக்கலாம். கொஞ்ச நேரம் உட்கார்ந்தும் இருந்தேன். உங்கள் கை பசை டப்பாவுக்குள் போவது இங்கிருந்தே தெரிந்தது. அந்த வீடு, அதில் காதுகுத்தப் போகிற குழந்தை, வந்து படுக்கப் போகிற சனம் எல்லாம் கண்ணுக்குள் வந்தது. உங்கள் படி ஏறக்கூடாது என்று நான் வைத்திருந்த வைராக்கியமும் கூடவே வந்தது. செருப்பைக்கூடப் போடாமல் ரோட்டைத் தாண்டினேன்.

"அது கேஸ் டியூபுக்குங்க. குடுத்துடாதீங்க."

சொலூஷன் டியூப் மேசைமேல் இருந்தது. அதன்மேல் உங்கள் உள்ளங்கை இருந்தது. "இத நீங்க வந்து சொல்லணுமாக்கும்" என்றீர்கள். "நீங்க மட்டுந்தான் எதுக்குன்னு கேப்பீங்களா? நான் என்ன வூட்டக் கொளுத்தவா கடை வெச்சிருக்கறேன்?"

டிரைவர் நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஓ, ரெண்டு பேரும் முன்னாலயே பேசி வெச்சுக்கிட்டீங்களா?"

"நாங்க பேசியே ரெண்டு வருசமாவுதுங்க" என்றீர்கள். முதலில் சிரித்தது நீங்கள்தான்.

ஆனால் அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "நாளைக்கு இருவது பேரு சோத்துக்கு நிப்பாங்க. வெறவும் இல்ல. வூட்டுல என்ன சொல்றது?" என்று உங்கள் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நீங்கள் கடைக்குப் பின்னால் இருந்த உங்கள் வீட்டுக்குள் போனீர்கள். உள்ளே உங்கள் வீட்டம்மா சத்தம் போடுவது கேட்டது. திரும்பி வந்தபோது கையில் மண்ணெண்ணெய் பம்பு ஸ்டவ் இருந்தது, பர்னர் சூடு ஆறாமல்.

அதை டிரைவரிடம் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டீர்கள். "நான் குடுத்துட்டன். நீங்க என்ன தர்றீங்க?"

அந்தக் கேள்வி என்னைக் குத்தியது. வேண்டாம் என்று சொன்னதையே பெரிய தருமமாக நினைத்துக்கொண்டிருந்தவன் நான். "காலைல மொதோ பஸ்ஸுக்கு தருமபுரிக்குச் சரக்கெடுக்கப் போறன். புது டியூபு வாங்கியாந்து நானே வூட்டுல குடுக்கறன்" என்றேன். வாங்கிவந்து கொடுத்தேன். காதுகுத்துச் சாப்பாட்டில் நாம் இருவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தோம். அதற்கப்புறம் டிரைவர் உங்கள் கடைக்கே வாடிக்கையாகிப்போனது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஸ்டவ் கொடுத்தவர் நீங்கள், நியாயம்தான்.

பிறகு நாம் செய்த வேலையை எந்த வியாபாரியும் செய்யமாட்டான். பழைய சைக்கிள் டியூபை வெட்டி, ஒவ்வொரு பசையாலும் ஒட்டி, ஒன்றைத் தண்ணீர் வாளியில் போட்டோம், ஒன்றை வெயிலில் தொங்கவிட்டோம், ஒன்றை மடக்கி மடக்கிப் பார்த்தோம். மடங்குகிற செருப்புக்கு என் மஞ்சள் பசை. மெல்லிய டியூபுக்குச் சொலூஷன். மடங்காமல் ஒரே இடத்தில் நிற்கிற மிக்ஸிக் காலுக்கு உங்கள் சொட்டுப் பசை. எதுவானாலும் முதலில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூசி துடைக்கவேண்டும். என் பசையை இரண்டு பக்கமும் தடவிக் காத்திருக்கவேண்டும். "தொட்டா வெரல்ல ஒட்டக்கூடாது, அப்பத்தான் சேத்தா ஒட்டும்" என்று நீங்கள் ஒவ்வொருவருக்கும் சொல்வீர்கள். அவசரப்பட்டு ஈரத்திலேயே சேர்த்து அழுத்திவிட்டு, பசை மோசம் என்று சண்டைக்கு வருகிறவர்கள்தான் அதிகம். அப்புறம் நீங்கள் உங்கள் கடைக்கு வந்தவரை என்னிடம் அனுப்பினீர்கள், நான் என் ஆளை உங்களிடம் அனுப்பினேன். ஊரில் நம்மைக் கிறுக்கர்கள் என்றார்கள். இரண்டு கடையிலும் கூட்டம் குறையவில்லை.

இன்று மதியம் ஒரு இளம்பெண் வந்தாள். குக்கர் கேஸ்கெட் அறுந்துவிட்டது, ஒட்டப் பசை வேண்டும் என்றாள். "அது ஒட்டற சாமான் இல்லம்மா. ஆவி வர்ற எடத்துல ஒட்டு நிக்காது" என்றேன். புதிதாகக் கொடுக்கலாம் என்றால் அவள் குக்கர் அளவு என்னிடம் இல்லை, நாளைக்குத்தான் வரும். "மாமியாருக்கு ஒடம்பு சரியில்லைங்க, கஞ்சி வெக்கணும்" என்று முனகிக்கொண்டே படி இறங்கினாள்.

அவளை நிற்கச் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போன் போட்டு எங்கள் குக்கரைக் கொடுத்தனுப்பச் சொன்னேன்.

"அப்ப நமக்குச் சோறு?" என்றாள் வீட்டுக்காரி.

"குண்டாவுல வடி."

வந்த குக்கரை அந்தப் பெண் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு போனாள். கழுத்து மறுபடியும் அந்தப் பக்கம் திரும்பியது. செல்போன் கடைப் பையன் என்னைப் பார்த்து, என்ன வேணும் என்று சைகையில் கேட்டான். ஒன்றும் இல்லை என்று தலையாட்டினேன்.

அன்றைக்கு ஸ்டவ்வைக் கொடுத்துவிட்டு நீங்கள் கேட்டதற்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.