லாரி வந்தால்தான் கருவாடு

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கழிவுநீர் லாரி நம் தெருவுக்குள் வந்து, யார் வீட்டு செப்டிக் டேங்க் மூடியையாவது திறந்து மோட்டாரைப் போட்டால், ஊரே மூக்கைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைச் சாத்துகிறது. எனக்கு மட்டும் நாக்கில் எச்சில் ஊறுகிறது. நாற்பத்தொன்பது வயதில் வரக்கூடிய வியாதியா இது? டாக்டரிடம் காட்டலாம்தான். போய் என்னவென்று சொல்வது?

இன்று காலையும் லாரி வந்தது. உடனே நீ வந்துவிட்டாய். செத்துப்போனவர்களை நினைத்துக்கொள்ள மல்லிகைப்பூ, ஊதுவத்தி என்று மரியாதையான வாசனைகள் எத்தனையோ இருக்கின்றன. எனக்கு நீ விட்டுப்போனது இதுதான். கோபித்துக்கொள்ளாதே. நான் ஐந்தாவது வரை படித்தவள், நீ எட்டாவது வரை. எழுத்தில் தப்பு இருந்தால் இருக்கிற இடத்தில் இருந்தே திருத்திக்கொள்.

இந்த வீட்டைப் பிடிக்க நாம் பட்ட பாடு நினைவிருக்கிறதா? முடிச்சூர் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரு மாதம் அலைந்தோம். வீட்டைக் காட்டுவார்கள், குழாயைத் திறந்து தண்ணீரைக் காட்டுவார்கள், கடைசியில் "வூட்டுல ஆம்பள யாரு?" என்று கேட்பார்கள். நான் ஆபீஸில் கூட்டித் துடைப்பவள். நீ துணிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி புடவை மடிப்பவள். இரண்டு பேருக்கும் புருஷன் இருந்து இல்லாமல் போனவன். ஆறு வீட்டில் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஏழாவதுதான் இந்த வீட்டுக்கார ஐயாவின் வீடு. கீழே நமக்கு ஒரு அறையும் சமையலறையும். மாடியில் அவரும் அவர் வீட்டம்மாவும்.

ஐயா ஆம்பளையைக் கேட்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். ஒரு காலத்தில் தனியாளாக அரை ஆட்டைத் தின்றவராம். வீட்டம்மா ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தபோது திருநீர்மலை பெருமாளிடம் வேண்டிக்கொண்டாராம்: அவள் எழுந்து வந்தால், இந்தக் காம்பவுண்டுக்குள் இனி கவிச்சி வாசனையே இருக்காது என்று. அந்தம்மா எழுந்து நடந்தே வந்துவிட்டார். ஐயா சொல்லி முடிப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். நாங்கள் முட்டையைக்கூடக் கண்ணால் பார்ப்பதில்லை என்றேன்.

வெளியே வந்ததும் நீ கேட்டாய். "நேத்து தின்ன கருவாடு இன்னும் பல்லுல கீது. இன்னாடி இப்படிப் பேசற?"

"பல்லுலதான கீது, வூட்டுல இல்லியே" என்றேன். நீ சிரிக்கவில்லை. பொய் சொல்லிப் பிடித்த வீட்டில் உனக்கு முதல் இரண்டு மாதம் சரியாகத் தூக்கமே வரவில்லை.

அப்புறம்தான் உன் உதிரப்போக்கு நிற்காமல் போனது. கடையில் புடவையை மடித்துக்கொண்டே சரிந்து விழுந்தாய். கர்ப்பப்பையில் கட்டி, எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டரம்மா. ஆனால் உடம்பில் ரத்தம் ஏழுதான் இருந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்து, ஈரல், மீன், முட்டை, கீரை என்று விரல்விட்டுச் சொல்லி, "பத்து வந்தாத்தான் ஆபரேஷன். அதுக்குள்ள மறுபடி மயங்கி விழுந்தா ஆபத்து. நல்லா சாப்பிடுங்க" என்றார். நல்லா சாப்பிடுங்க என்று சொல்வது எவ்வளவு சுலபம். உன் கடைச் சம்பளமும் நின்றுபோயிருந்தது. மாதுளை ரத்தம் ஊறவைக்கும் என்று யாரோ சொன்னார்கள். நீ பழக்கடையில் விலையைக் கேட்டுவிட்டு, அந்தப் பழத்தைக் குழந்தையைத் தடவுவதுபோலத் தடவி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தாய்.

சரி, மாதுளை போகட்டும் என்று கிடைப்பதைப் பிடித்தோம். ஐயா வீட்டு மரத்து முருங்கைக்கீரை, கேட்டால் கொடுப்பார்கள். கேழ்வரகு மாவில் அந்தக் கீரையைப் போட்டு அடை. ரேஷன் அரிசியை மூன்று முறை அலசிச் சோறு. ஈரல் வாசனை மாடிக்குப் போய்விடும் என்று அதைத் தொடவில்லை. எல்லாம் சரிதான். ஆனால் அந்த இரும்புச்சத்து மாத்திரை உன் வாயைக் கெடுத்துவிட்டது. எதை வாயில் வைத்தாலும் குமட்டல். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. பதினைந்து நாள் கழித்துச் சோதித்தால் ஏழில் இருந்து அசையவே இல்லை.

"கருவாட்டுக் குழம்பு இருந்தா ஒரு பானை சோறு தின்னுடுவேன்டி" என்றாய், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு. விளையாட்டாகச் சொல்வதுபோலச் சொன்னாய். உன் நகம் வெள்ளைத்தாள் மாதிரி இருந்தது.

லாரி யோசனை என்னுடையது. அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான். நம் பகுதிக்குப் பாதாளச் சாக்கடை வரவில்லை. வாரத்தில் இரண்டு நாளாவது தெருவில் யார் வீட்டுக்காவது லாரி வரும். வந்தால் அரை மணி நேரத்துக்குத் தெருவில் யாருக்கும் மூக்கு இருக்காது. அந்த அரை மணிதான் நமக்கு. லாரிக்கார அண்ணனிடம் நான் சிரித்துப் பேசி, நம் தெருவுக்குக் கிளம்பும்போது எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொன்னேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. என்ன நினைத்துக்கொண்டாரோ, அடுத்த தடவை தலையைப் படிய வாரிக்கொண்டு வந்தார். நீ என்னை ஓட்டிய ஒரே சமயம் அதுதான்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கருவாடு வாங்கி, டப்பாவுக்குள் டப்பா வைத்து, அரிசி டிரம்மின் அடியில் புதைத்தோம். மிஸ்டு கால் வந்ததும் நீ ஜன்னலோரம் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து காவல். புளி கரைத்து, வெங்காயம் நறுக்கி எல்லாம் தயாராக இருக்கும். மூடி திறக்கும் சத்தம் கேட்டால் நீ தலையை ஆட்டுவாய், நான் அடுப்பைப் பற்றவைப்பேன். ஒரு பக்கம் குழம்பு, ஒரு பக்கம் கோழிக்கடையில் ஆட்கள் வாங்காமல் மீந்த ஈரல், மிளகு போட்டு. கொதித்ததும் சுடச்சுடத் தட்டில் விழும். தெருவில் எல்லோரும் துணியால் முகத்தை மூடிக்கொண்டு ஓடுவார்கள். நீயும் நானும் ஜன்னலை விரியத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த நாற்றத்தின் நடுவில் தலைகுனிந்து தின்போம். உனக்குக் கருவாட்டுத் தலைதான் பிடிக்கும். எனக்குச் சிரிப்பு வந்துவிடும். "சிரிக்காத, துன்னு. லாரி போயிடும்" என்பாய்.

மோட்டார் நிற்பதற்குள் தட்டைப் புளி போட்டுத் தேய்த்துச் சாம்பிராணியும் போட்டுவிடுவோம்.

ஏழரை. எட்டு. எட்டேமுக்கால். ஒன்பது மூன்று. நாலு மாதத்தில் அந்த ரத்தச் சோதனைச் சீட்டை எத்தனை தடவை நாம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருப்போம்.

அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். மிஸ்டு கால் வந்தது. தெருமுனையில் லாரியின் சத்தமும் கேட்டது. நான் அவசரக்காரி, மூடி திறக்கும் வரை பொறுக்காமல் கருவாட்டைக் குழம்பில் போட்டுவிட்டேன். லாரி வரவில்லை. தெருமுனையில் தண்ணீர்க் குழாய்க்கு வெட்டிய பள்ளத்தில் சக்கரம் இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. குழம்பு கொதிக்கிறது. தெருவில் காற்று சுத்தமாக இருக்கிறது. அடுப்பை அணைத்தேன். ஈரத்துணியால் பாத்திரத்தை மூடினேன். கருவாடு கேட்குமா?

மாடியில் செருப்புச் சத்தம். ஐயாவுக்கு ஒரு கால் இழுக்கும். ஒரு படி, ஒரு இழுப்பு. நான் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்குள் ஓடினேன். எதிர் வீட்டில் சமைக்கிறார்கள் என்று சொல்லிவிடு என்று அங்கிருந்தே உனக்குக் கையைக் காட்டினேன். நீ என்னைப் பார்க்கவே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாய்.

"நாங்கதான் ஐயா" என்றாய், அவர் ஒன்றும் கேட்பதற்கு முன்பே. "பொய் சொல்லித்தான் வூடு எடுத்தோம். எனக்கு ரத்தம் ஒம்போதுல கீது. பத்து வந்தாதான் ஆபரேஷன். இது இல்லாம சோறு எறங்க மாட்டேங்குது. காலி பண்ணச் சொன்னா பண்ணிடறோம். ஒரு மாசம் மட்டும் குடுங்க."

பாத்ரூமில் குழம்புப் பாத்திரத்தோடு நின்ற எனக்குக் கை சுட்டது. கீழே வைத்தால் சத்தம் கேட்கும் என்று வைக்கவில்லை.

ஐயா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம், "எங்க வூட்டம்மாக்கு நாலு இருந்துச்சும்மா, ரத்தம்" என்றார். "எட்டு வருஷம் ஆவுது நான் நேந்துக்கினு." அவ்வளவுதான். இருங்கள் என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. ஒரு படி, ஒரு இழுப்பு, மேலே போய்விட்டார்.

அன்று நான் உன்னைத் திட்டியது இருக்கிறதே, அதை எழுதினால் இந்தத் தாள் தாங்காது. இந்த உடம்பை வைத்துக்கொண்டு எந்த வாசலில் போய் நிற்பாய் என்று கேட்டேன். நீ பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தாய். குழம்பைத் தொடவில்லை. அடுத்த பத்து நாளும் வெறும் ரசம். என்னால் முடிந்த வேடிக்கையெல்லாம் காட்டினேன். இரண்டு வாய். அவ்வளவுதான். நான் வேலை முடிந்து பெருங்களத்தூர் பக்கம் வீடு தேடினேன். அங்கேயும் ஆம்பளையைக் கேட்டார்கள். சோதித்துப் பார்த்தால் எட்டு எட்டு. இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் நீ இரண்டு இடத்தில் உட்கார்ந்தாய். மாடி ஜன்னல் எந்நேரமும் திறந்தே இருந்தது. வேறு வீட்டுக்கு லாரி வந்தபோதும் நான் கருவாட்டு டப்பாவை வெளியே எடுக்கவில்லை.

சனிக்கிழமை காலை நம் வாசலிலேயே மோட்டார் சத்தம். எனக்கு மிஸ்டு கால் வரவில்லை. எட்டிப் பார்த்தால் லாரிக்கார அண்ணன் நம் காம்பவுண்டுக்குள், நம் டேங்கின் மூடியைத் திறந்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறார்.

"உங்க ஓனர்தான் கூப்ட்டாரு. தொறந்து பாத்தா பாதிகூட ரொம்பல. சொன்னா, நாத்தம் வருதுல்ல, நீ எடுன்றாரு."

மேலே ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்தும் சத்தம் கேட்டது. கடைசி ஜன்னலைச் சாத்துவதற்கு முன் ஐயா, யாரிடமும் இல்லாமல், வானத்தைப் பார்த்துச் சொன்னார். "அரை மணி ஆவும். அப்புறம் சாம்பிராணி போட்டுடணும்."

நீ சாக்குமூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாய். அழுதாயா என்று நான் பார்க்கவில்லை. எனக்கு நேரமில்லை. அரை மணிதான். கட்டிய சாக்கைப் பிரித்து வாணலியைத் தேடவே ஐந்து நிமிடம் போய்விட்டது. அன்று நீ மூன்று தடவை சோறு வாங்கினாய்.

அப்புறம் எல்லாச் சனிக்கிழமையும் அந்த டேங்க் நிரம்பியதாக ஐயாவுக்குத் தோன்றியது. அவர் திருநீர்மலைக்குக் கிளம்பும் முன் லாரி வந்துவிடும். பத்து ஒன்று வந்தது. ஆபரேஷன் நடந்தது. நீ மறுபடி நின்றபடி புடவை மடித்தாய். ஐந்து வருஷம். அவரும் அதைப் பேசவில்லை, நாமும் பேசவில்லை. போன மார்கழியில் மாரடைப்பு என்று ஒரே நாளில் போய்விட்டாய். கடைசியாகப் பார்த்தபோது ரத்தம் பன்னிரண்டு. அவ்வளவு ரத்தத்தை வைத்துக்கொண்டு போவதற்கு உனக்கு எப்படியடி மனசு வந்தது?

நான் இங்கேயேதான் இருக்கிறேன். ஆள் குறைந்தபின் ஐயா மாதம் ஒரு முறைதான் லாரியைக் கூப்பிடுகிறார். பொய் இப்போதும் சொல்கிறேன், ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் சொல்வதில்லை. ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பெண் மதியம் தண்ணீரைக் குடித்துவிட்டு டயட் என்றாள். நகத்தைக் காட்டச் சொன்னேன். இப்போது என் டப்பாவில் அவளுக்கும் ஒரு அடை போகிறது. லாரி வரும் நாளில் இரண்டு தட்டு வைப்பதையும் விடவில்லை. கருவாட்டுத் தலை உன் தட்டில்.

இன்றும் வைத்தேன். லாரிக்கார அண்ணனிடம் இரண்டு வார்த்தை பேச வாசலுக்குப் போனேன். அந்த நேரத்தில் பூனை ஒன்று உன் தட்டில் இருந்த தலையைக் கவ்விக்கொண்டு மாடி ஏறிவிட்டது. ஐயாவின் பூஜையறை வாசலில், கோலத்தின் மேல் வைத்துப் பாதியைத் தின்றிருக்கிறது. மீதியை ஐயா செய்தித்தாளில் எடுத்துக்கொண்டு கீழே வந்தார். ஒரு படி, ஒரு இழுப்பு. என்னைப் பார்க்கவில்லை. நேராக லாரிக்கார அண்ணனிடம் போய்ப் பிரித்துக் காட்டினார்.

"உன் பைப்பு எங்கயோ லீக் ஆவுது" என்றார்.

அண்ணன் அதைப் பார்த்தார். குனிந்து பைப்பைப் பார்த்தார். மாற்றிவிடுவதாகச் சொன்னார்.