எட்டு அடி

16-11-86, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் வராததுமாக வீட்டுக்காரர் கடப்பாரையைத் தூக்கிவிட்டார். வீட்டுக்குக் கரண்டு வாங்கக் கொல்லையில் எர்த் குழி தோண்ட வேண்டுமாம். எட்டு அடி இரும்புக் குழாயை நிறுத்தி, கரியும் உப்பும் கொட்டி மூட வேண்டும். எதிலாவது கரண்டு கசிந்தால் நம்மேல் பாயாமல் அந்தக் குழாய் வழியாக மண்ணுக்குப் போய்விடும் என்று விளக்கினார். பள்ளிக்கூடத்தில் கைத்தொழில் வாத்தியார். வீட்டிலும் வகுப்பு எடுக்காமல் இருக்க முடியாது.

ஓடு மாற்றியது இவர், சமையலறை சேர்த்துக் கட்டியது இவர், சுவரில் மரச்சட்டம் அடித்து ஒயர் ஓட்டியதும் இவரேதான். என் தம்பி ஞானராஜ் லைசென்ஸ் வாங்கிய ஒயர்மேன். அவனைக் கூப்பிடலாம் என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். "மச்சான் தயவுலதான் சின்னப்பன் வூட்ல வெளக்கு எரியுதுன்னு ஊர்ல பேசுவாங்க" என்றார். மாரண்டஹள்ளியில் ஒருவருக்கும் அப்படிப் பேச நேரம் இல்லை. இவராகச் சொல்லிக்கொள்கிறார்.

மூன்று அடியில் பாறை.

22-11-86

இன்னும் இரண்டு இடத்தில் தோண்டியாயிற்று. அங்கேயும் பாறை. கை முழுக்கக் கொப்புளம். சோறு வேண்டாம் என்றார். அரை மணி கழித்து அவரே போட்டுத் தின்றார்.

23-11-86

குழாயை அறுத்துவிட்டார். எட்டு அடியில் ஐந்து அடி போய்விட்டது. ரம்பம் வழுக்காமல் குழாயைப் பிடித்துக்கொண்டது நான்தான்.

"மேல தெரியறது ஒரு சாண். உள்ள எட்டடியா மூணடியான்னு மண்ணுக்குள்ள எறங்கி எவன் பாக்கப் போறான்?"

நானும் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன்?

30-11-86, ஞாயிறு

லைசென்ஸ் உள்ளவர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் இல்லாமல் இணைப்பு கிடையாது என்று கரண்ட் ஆபீசில் சொல்லிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் இவரே போய் ஞானராஜை அழைத்து வந்தார். தம்பி ஒவ்வொரு சுவிட்சையும் கழற்றிப் பார்த்தான். "வேலை சுத்தமா இருக்குதுங்க மாமா" என்றான். இவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

பிறகு கொல்லைக்குப் போனார்கள். நானும் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன்.

"மூடறதுக்கு முன்னாடி என்னக் கூப்புட்டிருக்கலாம் மாமா. எட்டடி எறங்கியிருக்குதா?"

"எறங்கியிருக்கு" என்றார் இவர்.

தம்பி என் பக்கம் திரும்பினான். "ஏன்க்கா, எட்டடிதான?"

ஆமாம் என்றேன்.

தையல் மிஷின் பலகைமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டான். இல்லை என்று நான் சொல்லியிருந்தால், தன் வீட்டுக் கொல்லையிலேயே என் தம்பி முன்னால் இவர் கூனிக் குறுகி நின்றிருப்பார். அது மட்டும்தான் அப்போது தோன்றியது. பாப்பா என் இடுப்பில்தானே இருந்தாள், அவளை ஏன் நினைக்கவில்லை?

20-12-86

கரண்டு வந்துவிட்டது. பாப்பா பல்பைப் பார்த்துக் கை தட்டினாள்.

24-12-86

பங்குச் சாமியார் வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்க வந்தார். தீர்த்தம் தெளித்துக்கொண்டே சுவிட்ச் பக்கம் போகவும், "அங்க மட்டும் வேண்டாங்க சாமி!" என்று இவர் குறுக்கே பாய்ந்தார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் பாப்பாவைச் சுவரை விட்டுத் தள்ளித் தூக்கிக்கொண்டேன்.

11-1-87

தைத்த துணிகளைத் தேய்க்க எனக்குக் கரண்டு இஸ்திரிப் பெட்டி வாங்கி வந்தார். கரிப் பெட்டியோடு மல்லாடியது போதும் என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்.

15-2-87

மழை நின்று இரண்டு மாதம். கொல்லை மண் வெடித்துக் கிடக்கிறது. இஸ்திரிப் பெட்டியைத் தொட்டால் கை சுர்ரென்கிறது. இவரிடம் சொன்னேன். "பலகை மேல நின்னு தேய். ஒண்ணும் ஆவாது." முகத்தைப் பார்க்காமல் சொன்னார். இவருக்கும் தெரியும்.

ஈரம் இருந்தால் அந்த மூன்று அடிக் குழாயும் கொஞ்சம் வேலை செய்யுமாம். குழாய்த் தண்ணீர் நான்கு நாளைக்கு ஒரு முறைதான். அதனால் அரிசி கழுவிய தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் எல்லாம் எர்த் குழிக்கு. பக்கத்து வீட்டு மாதம்மாள் வேலி வழியாக எட்டிப் பார்த்து, "அங்க என்ன செடி வெச்சிருக்கற ராஜமேரி?" என்று கேட்டாள். கறிவேப்பிலை என்று சொல்லிவைத்தேன். ஒரு பொய்யோடு நிற்கிறதா பார்.

1-3-87

ஞானராஜ் வந்தான். பாலக்கோட்டில் புதிதாகக் கட்டும் கல்யாண மண்டபத்துக்கு ஒயரிங் வேலை கிடைத்திருக்கிறது. "என் கையெழுத்துன்னா ஆபீஸ்ல மறுபேச்சு இல்லக்கா" என்றான். அவன் வாயில் மிட்டாய், எனக்கும் ஒன்று கொடுத்தான். பிரிக்காமல் முந்தானையில் முடிந்துகொண்டேன்.

9-3-87, திங்கள்

எழுதுகிறேன்.

பலகைமேல் நின்று தேய்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சுர்ரென்றுகூட இல்லை. பாப்பா தொட்டித் தண்ணீரில் விளையாடிவிட்டு ஈரக் காலோடு ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டாள் — அவ்வளவுதான். ரெண்டு பேரையும் தூக்கிப் போட்டது. பெட்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். என் உடம்பு வழியாகப் போய்த்தான் என் பிள்ளைமேல் பாய்ந்திருக்கிறது. ஐயோ மாதாவே, நானே ஒயரா நின்னிருக்கேனே.

மூச்சு இருக்கா இல்லையா — ஒரு நொடி தெரியலை. அப்புறம் வீறிட்டு அழுதாள். அந்த அழுகைதான் இப்போதும் காதில் கேட்கிறது. நன்றாகத்தான் இருக்கிறாள். தூங்குகிறாள். இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து அவள் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

10-3-87

விடிந்ததும் தம்பி வீட்டுக்குப் போனேன். மூன்று அடி என்றேன். முழுவதையும் சொன்னேன். முதலில் பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்டான். நன்றாக இருக்கிறாள் என்றேன்.

"மாமா சொன்னத நான் நம்புல. அதனாலதான உன்னக் கேட்டேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கூடவே வந்து ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டான். நேராகக் கரண்ட் ஆபீசுக்குப் போய், தன் ரிப்போர்ட் தவறு என்று எழுதிக் கொடுத்துவிட்டான். இவர் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். குழாயை அறுத்தது நான்தான், அவன்மேல் தப்பில்லை என்று அதிகாரியிடம் சொன்னாராம். "குழிய அவரு பாக்காம எப்பிடிக் கையெழுத்துப் போட்டாரு?" என்று அதிகாரி திருப்பிக் கேட்டாராம்.

2-4-87

ஞானராஜின் லைசென்ஸ் மூன்று மாதத்துக்கு நிறுத்தம். மண்டப வேலை வேறு ஆளுக்குப் போய்விட்டது. குருத்தோலை ஞாயிறுக்கு வருவானா?

12-4-87

வரவில்லை.

14-6-87

மாதம்மாள் வீட்டுக் கொல்லையில்தான் பாறை இல்லாத மண். வேலி ஓரம் ஒரு குழி தோண்டிக்கொள்ள இவரே போய்க் கேட்டார். யாரிடமும் எதுவும் கேட்காத மனுஷர். "அதுக்கென்ன, தோண்டிக்குங்க வாத்தியாரே" என்றுவிட்டாள். இதற்குத்தானா இத்தனை பாடு?

5-7-87, ஞாயிறு

தம்பிக்கு லைசென்ஸ் திரும்பக் கிடைத்துவிட்டது. இவர் போய் அழைத்ததும் வந்தான். குழியை மூடாமல் வைத்திருந்தோம். டேப்பை அவனே இறக்கிப் பார்த்தான். எட்டடி இரண்டு அங்குலம். கரியும் உப்பும் போட்டு மூடும்வரை நின்றான். பாப்பாவைத் தூக்கிக் கொஞ்சினான். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டான்.

பிறகு பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தான். குழி எட்டு அடி என்பதை மூடுவதற்கு முன் நேரில் பார்த்தேன் என்று அவன் கையாலேயே எழுதியிருந்தது. கீழே பெயருக்கு இடம்.

"இனிமே எல்லார்கிட்டயும் எழுதி வாங்கறேன்க்கா."

எல்லாரிடமும் என்றுதான் சொன்னான். முழுப் பெயரும் எழுதித் தேதி போட்டுக் கொடுத்தேன். ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.