எழுந்து நின்றதால் மறுக்கப்பட்ட வீட்டு உதவி

அனுப்புநர்:
பியோ ஜொங்-இம் (வயது 68),
பம்கோல் கிராமம், சோல்மே வட்டம்,
தென்கொரியா.

பெறுநர்:
முதியோர் பராமரிப்பு அலுவலர் அவர்கள்,
சோல்மே வட்ட அலுவலகம்.

பொருள்: வீட்டு உதவியாளர் கேட்ட விண்ணப்பம் நிராகரிப்பு – மீண்டும் நேரில் வந்து பார்க்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற செப்டம்பரில், சூசொக் அறுவடைப் பண்டிகைக்கு முன் மாமனார் சமாதியில் புல் வெட்டப் போனேன். அங்கே ஏதோ கடித்து உண்ணிக் காய்ச்சல் வந்து, பதினோரு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தேன். காய்ச்சல் போய்விட்டது, வலி போகவில்லை. தண்ணீர்க் கெண்டியைத் தூக்கினால் கை நடுங்குகிறது. படுத்தால் இடுப்பு, உட்கார்ந்தால் முழங்கால். இந்த மனுவையே விட்டுவிட்டு நான்கு தடவையாக எழுதுகிறேன்.

2. ஜனவரி 14 அன்று தங்கள் அலுவலகத்திலிருந்து திரு. நம்குங் என் நிலையைப் பார்க்க வந்தார். வீடு தேடி வருகிறவரைப் படுத்தபடியா வரவேற்பது? காலையிலேயே இரண்டு வலி மாத்திரை போட்டு, தலை வாரி, பேரிக்காய் நறுக்கி வைத்திருந்தேன். கையைத் தூக்கச் சொன்னார், தூக்கினேன். தனியாகக் குளிப்பீர்களா என்று கேட்டார். மகள்தான் குளிப்பாட்டுகிறாள் என்று ஓர் ஆண்பிள்ளையிடம் சொல்ல வாய் வரவில்லை, ஆமாம் என்றேன். அது பொய். வாசல்வரை போய் வழியனுப்பினேன். "என்னைவிடத் தெம்பா இருக்கீங்கம்மா!" என்றார். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அவர் கார் தெருவைத் தாண்டுவதற்குள் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று நாள் எழவில்லை.

3. அன்று மருந்து வாங்கப் போயிருந்த மகள் சே-ஹுய் திரும்பி வந்து, நடந்ததைக் கேட்டு, "பரீட்சை வைக்க வந்தவர்கிட்ட நூத்துக்கு நூறு வாங்கிட்டியேம்மா!" என்று சிரித்தாள். பிறகு அழுதாள். பூசானில் பள்ளிச் சமையலறையில் அவளுக்குப் பதினாறு வருட வேலை. என்னைப் பார்த்துக்கொள்ள எடுத்த விடுப்பு மார்ச் 31 வரைதான். அதற்குள் உதவியாளர் வராவிட்டால் வேலையை விட்டுவிடுவாள். என் வீம்புக்கு அவள் பிழைப்பு போகப்போகிறதே என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

4. திரு. நம்குங் மீது குற்றமில்லை. கண்ணால் பார்த்ததை எழுதினார். மறுபடி ஒருவரை, முடிந்தால் பெண் அலுவலரை, முன்கூட்டிச் சொல்லாமல் அனுப்பி வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இந்த முறை எழுந்திருக்கமாட்டேன் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் என்னைப் பற்றி எனக்குத் தெரியும். ஒருவேளை நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டால், வருகிறவர் அதை உடனே எழுதிக்கொள்ள வேண்டாம். விடைபெற்று வெளியே போய், பத்து நிமிடம் நின்று, கதவைத் தட்டாமல் மறுபடி உள்ளே வந்து பார்க்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
பியோ ஜொங்-இம்

இடம்: பம்கோல்
நாள்: பிப்ரவரி 19