பேரவையின் உண்டியல்

நவம்பர் 4, செவ்வாய்

ஏரி உறைவதற்குள் கோதுமையைக் கப்பலில் ஏற்றிவிட வேண்டும் என்று துறைமுகமே பறக்கிறது. கிடங்கில் நாள் முழுவதும் மாதிரி எடுத்து, ஈரம் பார்த்து, முதுகு விட்டுப்போயிற்று. வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தால் என் நாட்டில் பஞ்சம்.

ஹாகலாந்து. 'நூறு கொடிகள்' என்ற இணைய விளையாட்டில் சேர்ந்தபோது என் குடும்பப் பெயரையே நாட்டுக்கு வைத்துவிட்டேன். என் மனைவி கிர்ஸ்டி இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள். மழை பொய்த்துவிட்டது என்று உலகப் பேரவையிடம் நிவாரணம் கேட்டிருந்தேன். கேட்டதில் பாதிதான் வந்தது. அதே வாரம் மொரோவி என்ற குட்டி நாட்டுக்கு வெள்ள நிவாரணம் முழுசாகப் போயிருக்கிறது.

ஏன் எனக்குப் பாதி?

பேரவை எந்த நாட்டு மக்களிடமும் வரி வாங்கக் கூடாது. அதுதான் அதன் முதல் சட்டம். உறுப்பு நாடுகள் மனமுவந்து போடுவதுதான் வருமானம். யார் எவ்வளவு போட்டார்கள் என்பது பொருளாளரைத் தவிர யாருக்கும் தெரியாது. ஏழை நாடு கூசிப்போகக் கூடாதே என்று அப்படி வைத்தோம், நானும்தான் கை தூக்கினேன். ஆக, செலவு ஊருக்கே தெரியும். வரவு ஒரே ஒரு ஆளுக்குத் தெரியும்.

அந்த ஆள் க்வென்.

நவம்பர் 6, வியாழன்

பனித்தளத்தில் கல்லைச் சறுக்கிவிட்டு ஆடும் கர்லிங் மன்றத்தில் க்வென்னைப் பார்த்தேன். வியாழக்கிழமை ஆட்டத்தில் நாங்கள் ஒரே அணி. பகலெல்லாம் நகரப் பேருந்து ஓட்டிவிட்டு, சீருடைக்கு மேலேயே ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வந்துவிடுவாள். இந்த விளையாட்டுக்குள் என்னை இழுத்துவிட்டதே அவள்தான்.

ஷூவை மாட்டிக்கொண்டே, பேச்சோடு பேச்சாகக் கேட்பதுபோல் கேட்டேன். "என்ன க்வென், உண்டியல் எப்படி இருக்கு?"

"உண்டியல் மாதிரி இருக்கு."

"நிறைஞ்சிருக்கா?"

"அதைக் கேக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டவன்ல நீயும் ஒருத்தன். கல்லை எடு, உன் முறை."

சிரித்தாள். ஆனால் சிரிக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. பனியைத் தேய்க்கும் துடைப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா, இல்லை நானாகக் கற்பித்துக்கொள்கிறேனா?

நவம்பர் 9, ஞாயிறு

டெல்பர்ட் கூப்பிட்டான். நெப்ராஸ்காவில் மாட்டுத் தீவனம் விற்பவன். நேரில் பார்த்ததில்லை. பேரவையில் அவன் நாடு புதிய எல்கார்ன்தான் எல்லாரையும்விடச் சத்தமாகப் பேசும்.

"நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காத, லோர்ன். அந்தப் பொம்பளை உன் சிநேகிதிதான், தெரியும். ஆனா வசந்தத்திலேருந்து எவனுக்கும் கேட்டது முழுசா வரல. மொரோவிக்கு மட்டும் எப்படிய்யா வந்துச்சு?"

"வெள்ளம் பெருசுப்பா."

"பெருசு பெருசு. மொரோவியை ஆடுறது யாரு? யாருக்காச்சும் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது. தெரியாதது இருவருக்கும் ஒரு சாட்சி மாதிரி ஆகிவிட்டது.

நவம்பர் 11, செவ்வாய்

பேரவைக்குப் போடும் நாள். இந்த முறையும் போடவில்லை. முதலில் கணக்கைக் காட்டட்டும்.

நவம்பர் 14, வெள்ளி

இன்று ஒன்று கண்ணில் பட்டது. நாடுகளின் தர வரிசையில் க்வென்னின் நாடு, செயின்ட் ஓடில், எங்கேயோ கீழே கிடக்கிறது. போன வருடம் உச்சியில் இருந்த நாடு. துறைமுகங்களை விற்றிருக்கிறாள். கப்பல்களை விற்றிருக்கிறாள். மலையைக் குடைந்து ஆசை ஆசையாகப் போட்ட ரயில் பாதை, அதையும் பெயர்த்து இரும்பு விலைக்குத் தள்ளியிருக்கிறாள். அவள் நாட்டில் போர் இல்லை, பஞ்சம் இல்லை. விற்ற பணம் எங்கே?

டெல்பர்ட்டிடம் சொன்னதும் துள்ளிக் குதித்தான். "நான் சொல்லல? இங்கேருந்து உருவி இன்னொரு பேருல இன்னொரு நாடு கட்டுறா. அதுதான் மொரோவி!"

பொருந்துகிறது. எல்லாமே பொருந்துகிறது. நான் மாதிரி எடுக்காமல் ஒரு வண்டியையும் இறக்க விடாதவன். மேலே தங்கமாக இருக்கும் கோதுமை அடியில் பூஞ்சையாக இருந்து பார்த்திருக்கிறேன். எட்டு வருடமாக உண்டியல் என்ற இந்த ஒரு வண்டியை மட்டும் எப்படிச் சும்மா விட்டேன்?

சாப்பிடும்போது கிர்ஸ்டி, "இல்லாத நாட்டு இல்லாத காசுக்கா மூஞ்சியை இப்படி வெச்சிருக்க?" என்றாள்.

"காசு பொய்தான். ஏமாத்தினா அது நிஜம்தானே?"

"க்வென் ஏமாத்துவாளா? போன குளிர்காலத்துல வண்டி கிளம்பாம நின்னப்போ ஆறு வாரம் உன்னை வேலைக்குக் கொண்டு விட்டவ அவ."

ஆறு வாரம் எதற்காகக் கொண்டு விட்டாள் என்றும் ஒரு கணம் தோன்றியது. சீ.

நவம்பர் 20, வியாழன்

கேட்டுவிட்டேன். ஆட்டம் முடிந்து மற்றவர்கள் மாடிக்குப் போன பிறகு, காலணி மாற்றும் பெஞ்சில்.

"வரவைக் காட்டு, க்வென். எனக்கு மட்டும் போதும்."

"முடியாது."

"ஏன்?"

"ஒருத்தனுக்குக் காட்டினா, எவன் போடலேன்னு அவனுக்குத் தெரியும். நாளைக்கு ஊருக்கே தெரியும். அதுக்கா இந்தச் சட்டம்?"

"உன் ரயில் பாதை வித்த காசு எங்க போச்சு?"

நிமிர்ந்து பார்த்தாள். நான் எதிர்பார்த்தது கோபம். கோபம் இல்லை. ரொம்ப நேரம் வண்டி ஓட்டி வந்தவள் மாதிரி ஒரு அலுப்பு.

"அதையும் மோப்பம் பிடிச்சிட்டியா?"

"மொரோவி நீதானா?"

"யாரு சொன்னா? அந்தத் தீவன வியாபாரியா?" லேஸை அவிழ்த்தாள். "லோர்ன், என்னைத் திருடின்னு நெனச்சா நேரா சொல்லு. சுத்தி வளைக்காத."

நான் நேராகச் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. பையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

குற்றமில்லாதவள் விளக்கம் சொல்ல மாட்டாளா?

நவம்பர் 23, ஞாயிறு

பொருளாளரை நீக்கும் தீர்மானம். டெல்பர்ட் கொண்டுவந்தான், நான் வழிமொழிந்தேன். நிறைவேறிவிட்டது. புதிய பொருளாளராக டெல்பர்ட் என் பெயரையே சொன்னான். 'தானியக் கிடங்கில் சோதனை செய்கிறவன், இவனைவிடக் கறாரான ஆள் கிடையாது' என்று ஒரு புகழாரம் வேறு.

க்வென் வாதாடவே இல்லை. "சாவியை ஹாகலாந்துக்குக் கொடுத்துவிட்டேன்" என்று ஒரே வரி.

நவம்பர் 24, திங்கள்

திறந்தேன்.

காலி.

தின்று தீர்த்த காலி இல்லை. யாரும் போடாத காலி. வசந்தத்திலிருந்து ஒவ்வொரு நாடாக நின்றுபோயிருக்கிறது. முதலில் நிறுத்தியது புதிய எல்கார்ன். டெல்பர்ட்! அவன் காதைக் கடிக்கக் கடிக்க, ஒவ்வொருத்தனும் 'கணக்கு தெரியட்டும், பிறகு பார்க்கலாம்' என்று கையை மடக்கிக்கொண்டிருக்கிறான். கோடையிலிருந்து நானும். பாவம், மொரோவி மட்டும் வெள்ளம் வரும்வரை தன்னால் முடிந்ததைப் போட்டிருக்கிறது. மற்றபடி மாதா மாதம் ஒரே பெயர். செயின்ட் ஓடில். செயின்ட் ஓடில். செயின்ட் ஓடில்.

துறைமுகம், கப்பல், ரயில் பாதை எல்லாம் இங்கேதான் வந்திருக்கிறது. எனக்கு வந்த பாதி நிவாரணம் அவள் ரயில் பாதை. முழுசாக் குடுக்க அவகிட்ட ஒண்ணுமில்ல. அதான் பாதி. நான் தின்னது அவ இரும்பை. அதைத் தின்னுட்டு அவளைப் போய்—

ஏன் சொல்லித் தொலைக்கல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!

சொன்னாளே. எவன் போடலேன்னு தெரிஞ்சிடும்னு. என் மூஞ்சிக்கு நேரா.

நவம்பர் 25, செவ்வாய்

டெல்பர்ட். "என்னய்யா கெடச்சுது?"

"பாத்துட்டிருக்கேன்."

"ஏதாச்சும் இருக்கும். நல்லாத் தோண்டு. நீக்கினதுக்கு ஒரு காரணம் வேணும்ல?"

அவன் வேண்டுமென்றே செய்தானா, இல்லை என்னைப் போலவே நம்பித் தொலைத்தானா? இப்போது அவனை முகர்ந்துகொண்டிருக்கிறேன். வியாதி குணமாகவில்லை, ஆளை மட்டும் மாற்றியிருக்கிறது.

நவம்பர் 27, வியாழன்

க்வென் ஆட்டத்துக்கு வரவில்லை. அணியை விட்டு விலகிவிட்டதாகப் பலகையில் ஒட்டியிருந்தார்கள்.

நவம்பர் 29, சனி

அவள் ஓட்டும் பேருந்தில் ஏறினேன். பெர்ஷியன் பன் ஒரு டப்பா வாங்கிப் போயிருந்தேன். இளஞ்சிவப்புப் பூச்சு போட்டது, அவளுக்குப் பிடித்தது. டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"வண்டி ஓடும்போது டிரைவர்கிட்ட பேசக் கூடாது. போர்டு இருக்கு, படி."

முன் இருக்கையில் உட்கார்ந்து கடைசி நிறுத்தம்வரை போனேன். எல்லாரும் இறங்கினார்கள். அவள் இஞ்சினை அணைத்தாள்.

"பாத்துட்டியா?"

"பாத்தேன்."

"இப்ப என்ன செய்யப் போற?"

"உன் பேரைச் சொல்லி, நடந்ததை எல்லாம் எழுதிடறேன்."

"சொல்லாத." திரும்பிப் பார்த்தாள். "நேத்து வரைக்கும் திருடின்னான். நாளைக்குத் தியாகின்னு மாலை போடுவான். அது இதைவிடக் கேவலம். என் பேரு வரக் கூடாது. மத்தவன் பேரும்தான்."

"அப்ப நான் எதைத்தான் சொல்றது?"

"உன் பேரு உன்னோடது. அதைச் சொல்லிக்கோ."

"உண்டியல் காலின்னு அப்பவே சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"சொன்னா மிச்சம் இருக்கறவனும் ஓடிடுவான்னு பயந்தேன். ரொப்பி வெச்சா திரும்பவும் போடுவாங்கன்னு நெனச்சேன்." தோளைக் குலுக்கினாள். "அது என் தப்பு. அதுக்கு வேணும்னா என்னை நீக்கியிருக்கலாம். திருட்டுக்கு இல்ல."

பிறகு கதவைத் திறந்தாள். "எறங்கு. அடுத்த டிரிப்புக்கு நீ புது டிக்கெட் வாங்கணும்."

இறங்கினேன். பன் டப்பா இருக்கையிலேயே இருந்தது. அவள் கூப்பிட்டுத் தரவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

நவம்பர் 30, ஞாயிறு

பேரவையில் எழுதிவிட்டேன். 'முந்தைய பொருளாளர் எதையும் எடுக்கவில்லை. எடுக்க எதுவும் இல்லை. பெரும்பாலான நாடுகள் போடுவதை நிறுத்திவிட்டன. போடாத நாடுகளில் ஒன்று ஹாகலாந்து. மற்றவற்றின் பெயரைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை, அவரவருக்குத் தெரியும்.'

ஒரு மணி நேரத்தில் டெல்பர்ட்டின் பதில். 'சாவி இவன் கைக்குப் போய் ஒரு வாரம்தான். அதற்குள் காலி என்கிறான். காலி செய்தது யார்?'

அவன் பெயரைப் போட்டு உடைக்க ஒரு வரி போதும். தட்டச்சு செய்தேன். கிர்ஸ்டி பின்னால் நின்று படித்தாள்.

"அனுப்பினா மனசு ஆறுமா?"

"ஆறும்."

"அப்ப அனுப்பாத."

அழித்தேன்.

டிசம்பர் 3, புதன்

டெல்பர்ட் பேரவையை விட்டுப் போய்விட்டான். பின்னாலேயே பாதிப் பேர். என்னைத் திருடன் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களில் ஒருவன்கூட வசந்தத்துக்குப் பிறகு ஒரு காசு போட்டவன் இல்லை. பதில் சொல்லக் கூடாது. எவ்வளவு கஷ்டம் இது. எத்தனை மாதம் அவள் இப்படி உட்கார்ந்திருந்தாள்!

டிசம்பர் 14, ஞாயிறு

மிச்சமிருக்கிறவர்கள் கூடினோம். இனி யார் போட்டாலும் எல்லாருக்கும் தெரியும், ஒன்றும் போடாவிட்டாலும் தெரியும் என்று சட்டத்தை மாற்றினோம். மொரோவியை ஆடுகிறவர் முதல்முறையாகப் பேசினார். நியூஃபவுண்ட்லாந்தில் மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை பார்க்கும் பெரியவர். "எங்க நாடு சின்னதுதான். கொஞ்சமாப் போட்டா கூச்சமா இருக்குமான்னு யாரும் எங்ககிட்ட கேக்கவே இல்லியே. எங்களுக்கு ஒரு கூச்சமும் இல்ல" என்றார்.

செயின்ட் ஓடில் கூட்டத்துக்கு வரவில்லை. தேடிப் பார்த்தேன். அந்தப் பெயரில் இப்போது நாடே இல்லை.

ஜனவரி 8, வியாழன்

புது வருடத்தின் முதல் ஆட்டம். எதிரணியில் க்வென்! பேருந்து ஓட்டுநர்களின் அணியில் சேர்ந்திருக்கிறாள். கடைசிக் கல்லை அவள்தான் விட்டாள். அது என் கல்லைத் தட்டித் தள்ளிவிட்டு இலக்கு வட்டத்தின் நடுவில் போய் நின்றது. நாங்கள் தோற்றோம்.

ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்கு பீர் வாங்கித் தந்து ஒரே மேசையில் உட்கார வேண்டும். அது இந்த ஆட்டத்தின் மரியாதை, தப்பிக்க முடியாது. கோப்பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். முழங்கால் வலியைப் பற்றிப் பேசினாள். பனியில் சறுக்கி சாக்கடையோரம் நின்ற பேருந்தைப் பற்றிப் பேசினாள். நானும் ஏரி உறைந்து கப்பல் இல்லாத துறைமுகத்தைப் பற்றிப் பேசினேன். நாடுகளைப் பற்றி அவள் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

கிளம்பும்போது, "உன் வண்டி ஸ்டார்ட் ஆகுதா?" என்றாள்.

"ஆகுது."

"சரி" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆனால் அவள் வண்டியின் பின்விளக்கு உடனே நகரவில்லை. என் இஞ்சின் பிடித்த பிறகுதான் நகர்ந்தது.